காலையில் மடங்காத விரல்கள்

மலேசியாவின் கிள்ளானில் இருக்கும் என் சின்னம்மா விடியற்காலையில் சுடுதண்ணீர் வைப்பது முதலில் கைகளுக்கு, பிறகுதான் காப்பிக்கு. பிளாஸ்டிக் வாளியில் வெந்நீரை விளாவி, இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரை அமிழ்த்திக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். ஐந்தரைக்கு உட்கார்ந்தால் ஆறரைக்குத்தான் விரல்கள் மடங்கும். நோய் தொடங்கியபோது அவருக்கு 41 வயது. ரவிக்கைக் கொக்கி மாட்ட மகள் வேண்டும், தைல பாட்டிலைத் திறக்க மகன் வேண்டும், ஈரத் துணியைப் பிழிய யாராவது வேண்டும். பத்து மாதம் இப்படியே போனது.

அந்தப் பத்து மாதமும் அவர் சும்மா இருக்கவில்லை. முடக்கத்தான் ரசம் வைத்தார். பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த எண்ணெயைச் சூடாக்கித் தடவினார். வேலையிடத்து கிளினிக்கில் மூன்று முறை வலி மாத்திரையும் இரண்டு நாள் மருத்துவ விடுப்பும் வாங்கினார். யாரோ சொன்னார்கள் என்று பிரிக்ஃபீல்ட்ஸ் போய், பார்வையற்றோர் நடத்தும் மசாஜ் நிலையம் ஒன்றில் கையை நீட்டினார். அங்கிருந்த தமிழர் மணிக்கட்டை மெல்லத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். “அக்கா, வீங்கின இடம் சுடுது. ரெண்டு கையிலயும் ஒரே மாதிரி இருக்கு. இதை நான் தேய்க்க மாட்டேன், நீங்க ஸ்பெஷலிஸ்டைப் பாருங்க” என்றார். சின்னம்மா வீட்டுக்கு வந்து, “மசாஜ் பண்ண மாட்டேன்னுட்டாரு” என்று குறைப்பட்டுக்கொண்டார். அவருக்கு வந்திருந்தது முடக்குவாதம் என்று மருத்துவமனையில் எழுதிக் கொடுக்க இன்னும் ஐந்து மாதம் ஆனது.

இந்தத் தாமதம் அவர் வீட்டில் மட்டும் நடந்தது என்றால் இதை எழுத வேண்டியதில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் நம் குடும்பங்களில் விசாரித்துப் பாருங்கள்; விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துபோன ஒரு பாட்டியோ பெரியம்மாவோ நினைவுக்கு வருவார். பெரும்பாலும் எல்லோரும் சொல்லும் பெயர் ஒன்றுதான்: வாதம்.

வாதம் என்பது நம்மிடம் மிக அகலமான சொல். சித்த மருத்துவம் வாத நோய்களை 80 வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது. வீட்டுப் பேச்சு அந்த எண்பதையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டது. முழங்கால் தேய்ந்தாலும் வாதம், பெருவிரலில் யூரிக் அமிலம் படிந்தாலும் வாதம், ஒரு பக்கம் கைகால் விழுந்தாலும் வாதம். அச்சில்கூடக் குழப்பம் தீரவில்லை. கீல்வாதம் என்ற சொல்லை ஒருவர் எல்லா மூட்டு அழற்சிக்கும் எழுதுகிறார், இன்னொருவர் யூரிக் அமில நோய்க்கு மட்டும் எழுதுகிறார். நோயாளி ‘வாதம்’ என்கிறார். மகள் அதை மலாயில் ‘சாக்கிட் செண்டி’ என்று டாக்டரிடம் சொல்கிறாள். டாக்டர் மூட்டுவலி என்று எழுதி மாத்திரை கொடுக்கிறார். நோயின் அடையாளம் இந்த மொழிமாற்றத்திலேயே பாதி கரைந்துவிடுகிறது.

பிரித்துப் பார்ப்பதற்குக் கடிகாரம் போதும். தேய்மான மூட்டு உழைத்த பிறகு வலிக்கும், உட்கார்ந்தால் தணியும். காலையில் பிடிப்பு இருந்தாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். முடக்குவாதம் நேர்மாறு. ஓய்வில்தான் அது இறுகும். இரவு முழுக்கப் படுத்து எழுந்தவருக்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ விரல்கள் மரக்கட்டையாக இருக்கும். புழங்கப் புழங்க இளகும். அது பிடிக்கும் இடமும் வேறு: கைமுட்டி மடக்கினால் மேடாகத் தெரியும் மூட்டுகள், விரல் நடு மூட்டுகள், மணிக்கட்டு, கால்விரல் தொடங்கும் இடம். அதுவும் பெரும்பாலும் இரண்டு பக்கமும். நகத்துக்கு அடுத்த நுனி மூட்டை அது பொதுவாக விட்டுவிடும். தேய்மானமோ அந்த நுனி மூட்டில்தான் முடிச்சு போடும். இவற்றோடு காரணமில்லாத அசதி, லேசான காய்ச்சல், எடை குறைவது எல்லாம் வரும். ஏனென்றால் இது மூட்டோடு நிற்கிற நோய் அல்ல.

நம் உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி, நம் திசுவையே அந்நியமாக எண்ணித் தாக்குவதால் வருவது இது. மூட்டின் உட்புறம் ஒரு மெல்லிய சவ்வு உண்டு. உயவு நீரைச் சுரந்து எலும்புகள் வழுக்கிச் செல்ல உதவுவது அது. முடக்குவாதத்தில் இந்தச் சவ்வு வீங்கித் தடித்து, சதைபோல் வளர்ந்து குருத்தெலும்பையும் எலும்பின் ஓரத்தையும் அரிக்கிறது. தொடக்கம் மூட்டில்கூட இல்லாமல் இருக்கலாம். புகை, தூசு, ஈறுநோய் போன்றவற்றால் நுரையீரலிலும் வாயிலும் சில புரதங்கள் உருமாறுகின்றன. அவற்றிலுள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் சிட்ருலினாக மாறுகிறது. சிலருடைய மரபணு அமைப்பு இந்த மாறிய புரதத்தைப் பகையாகக் காட்டிக்கொடுக்கிறது. அதற்கு எதிராக உருவாகும் எதிர்ப்பான்கள் வலி தொடங்கப் பல ஆண்டுகளுக்கு முன்பே ரத்தத்தில் இருக்கக்கூடும். இன்று மருத்துவர்கள் எழுதும் ஆன்ட்டி சி.சி.பி. சோதனை தேடுவது இவற்றைத்தான். பழைய ருமட்டாய்டு ஃபேக்டர் சோதனை இந்த அளவுக்குத் துல்லியமானது அல்ல. நோயில்லாதவருக்கும் அது பாசிட்டிவ் ஆகலாம், நோயுள்ளவருக்கு நெகட்டிவாகவும் வரலாம். தனியார் உடல் பரிசோதனைத் திட்டங்களில் அதையும் சேர்த்து விற்கிறார்கள். வலியே இல்லாதவர் அந்த ஒரு வரியைப் பார்த்துக் கலங்குவதும், வீங்கிய கையோடு இருப்பவர் நெகட்டிவ் என்ற சொல்லை நம்பி வீடு திரும்புவதும் நடக்கின்றன. இரண்டாவது ஆள் இழப்பது அதிகம்.

சின்னம்மாவுக்கு மருத்துவமனையில் சோதனை முடிவு வருவதற்கு முன்பே விஷயம் பிடிபட்டுவிட்டது. இளம் பெண் மருத்துவர் ஒருவர் கைகுலுக்குவதுபோல் அவருடைய கையைப் பிடித்து, முட்டி மூட்டுகளைக் குறுக்காக மெல்ல ஒரு அமுக்கு அமுக்கினார். சின்னம்மா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். பிறகு மருத்துவர் கேட்டது, “காலையில எவ்வளவு நேரம்?” அதுவரை யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

நம் மக்களிடம் இது கூடுதலா? கூடுதல் என்றுதான் தோன்றுகிறது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மலேசியக் குடிமக்களில் இந்தியர் நூற்றுக்கு ஏழு பேருக்கும் குறைவு. மூட்டழற்சி கிளினிக்குகளில் முடக்குவாதத்துக்காக வருகிறவர்களை எண்ணிய ஆய்வுகளில் நம் பங்கு அதைவிடப் பல மடங்கு. இதை அப்படியே விழுங்கக் கூடாது. வசதியுள்ளவர்கள் தனியார் மருத்துவமனைக்குப் போனால் அரசு கிளினிக் கணக்கில் நம் தலை கூடுதலாகத் தெரியும். ஆனால் டெல்லிக்கு அருகில் பல்லப்கரில் மாளவியா குழுவினர் வீடு வீடாகப் போய் 1993இல் வெளியிட்ட கணக்கு, வயது வந்தோரில் ஆயிரத்துக்கு ஏழெட்டுப் பேருக்கு இந்த நோய் என்றது. சீனாவில் கிடைத்த கணக்குகள் இதில் பாதிக்கும் கீழே. எனவே கிளினிக் வரிசை முழுக்கப் பொய் சொல்லவில்லை என்பது என் முடிவு.

இந்தக் கேள்வியை மலேசியாவிலேயே பெரிய அளவில் எடுத்துக்கொண்ட ஆய்வு 2005இல் தொடங்கியது. கோலாலம்பூரின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சுவீடனின் கரோலின்ஸ்கா நிலையமும் கைகோத்து, தீபகற்பம் முழுக்க அரசு மூட்டழற்சி கிளினிக்குகளில் புதிதாக நோய் கண்டவர்களையும், அவர்களுக்கு வயதாலும் பாலாலும் வசிக்கும் இடத்தாலும் இணையான நோயற்றவர்களையும் சேர்த்து ஒப்பிட்டன. மைஈரா என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த ஆய்வு மலாய், சீன, இந்திய மக்களைத் தனித்தனியே பார்த்தது. மூன்று இனத்தாரிடமும் எச்.எல்.ஏ.-டி.ஆர்.பி.1 என்ற மரபணுவின் சில வடிவங்கள் நோயோடு சேர்ந்தே வந்தன. எந்த வடிவம் என்பதில் இனத்துக்கு இனம் வேறுபாடு இருந்தது. புகைப்பழக்கம் அந்த மரபணுவோடு சேரும்போது ஆபத்து கூடியது. இது மேற்கத்திய ஆய்வுகள் முன்பே சொன்னதுதான்.

ஆனால் இங்கே ஒரு முட்டுக்கட்டை. முடக்குவாதம் ஆண் ஒருவருக்கு வந்தால் பெண்கள் இரண்டு மூன்று பேருக்கு வருகிறது. மலேசியப் பெண்களில் புகைப்பவர் நூற்றுக்கு ஓரிருவர்தான். கணவர் புகைக்கும் சிகரெட்டையும் கணக்கில் சேர்க்கலாம். அப்படிச் சேர்த்தாலும் நம் அம்மாக்களின் கையை வளைத்தது சிகரெட் என்று முடித்துவிட முடியாது. ஆய்வாளர்கள் வேறு இடத்தில் தேடினார்கள். 910 பெண் நோயாளிகளையும் அதே எண்ணிக்கையில் நோயற்ற பெண்களையும் எடுத்துக்கொண்டு செய்த வேலைகளைக் கேட்டார்கள். டூ சுன் லாயும் குழுவினரும் 2016இல் வெளியிட்ட அந்த முடிவை உலகமே கவனித்தது: வேலையிடத்தில் துணித் தூசைச் சுவாசித்த பெண்களுக்கு ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்கு. அந்த மரபணுவும் இருந்தவர்களுக்கு இன்னும் பல மடங்கு. இருந்தாலும் 910 நோயாளிகளில் துணித் தூசில் வேலை செய்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. மீதிப் பேருக்கு அது விடை ஆகாது. சின்னம்மா வேலை பார்த்தது கேன்டீன் சமையலறையில். மூச்சில் போவது மூட்டில் வந்து நிற்கலாம் என்று காட்டியதால்தான் எனக்கு இந்த ஆய்வு முக்கியமாகப் படுகிறது. தோட்டத்தை விட்டு வந்து தொழிற்சாலை வாசல்களில் நின்ற நம் பெண்களின் தலைமுறையை நினைத்தால் இன்னும் எத்தனை தூசுகளை யாரும் எண்ணாமல் விட்டிருக்கிறோம் என்ற கேள்வி எழுகிறது.

இனத்துக்கு ஒரு நோய் என்று எழுதி வைத்ததுபோல் இன்னொரு கணக்கும் உண்டு. லூபஸ் இதே குடும்பத்து நோய். எதிர்ப்பு சக்தி தோலையும் சிறுநீரகத்தையும் மூட்டையும் சேர்த்துத் தாக்கும். 1997இல் வெளிவந்த மலேசிய ஆய்வு ஒன்று லட்சத்துக்கு 57 சீனர், 33 மலாய்க்காரர், 14 இந்தியர் என்று அதைக் கணக்கிட்டது. அங்கே நாம் கடைசி. இளம்பெண்ணுக்கு மூட்டுவலியோடு வெயில் பட்டால் முகம் சிவப்பதும், வாய்ப்புண்ணும், கால் வீக்கமும் இருந்தால் லூபஸை நினைக்க வேண்டும். எண்ணிக்கை குறைவு என்பதாலேயே நம் பெண்களிடம் அது தவறவிடப்படக் கூடாது. முதுகெலும்பைப் பிடிக்கும் வகை, சொரியாசிஸோடு வரும் வகை என்று உறவுக்கார நோய்கள் இன்னும் இருக்கின்றன. நடு இரவில் பெருவிரல் வீங்கித் துணி பட்டாலே உயிர் போகும் யூரிக் அமில வலி பெரும்பாலும் ஆண்களுடையது. அது தனிக் கதை.

மூட்டுவலிக்காரர்களின் மொத்தக் கூட்டத்தில் பெரும்பான்மை முழங்கால்தான். தீபகற்பத்தின் ஒரு பகுதியில் சுமார் 2,600 பேரைக் கேட்டு 2007இல் வெளியிட்ட ஆய்வில் ஐந்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு மூட்டு, தசை வலி இருந்தது. பெண்களிடமும் இந்தியரிடமும் அது கூடுதல். மூட்டுப் புகார்களில் மூன்றில் இரண்டு பங்கு முழங்காலைப் பற்றியவை. முடக்குவாதம் இந்தக் கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்கிறது. பத்துப் பேர் முழங்கால் வலிக்கு வரும் கிளினிக்கில் பதினோராவது ஆளின் விரலை யார் பார்ப்பது?

கிள்ளானுக்கு இன்னொரு மூட்டு நோயோடும் சம்பந்தம் உண்டு. 1998 கடைசியில் கிள்ளான் துறைமுகப் பகுதியில் காய்ச்சலும் கடுமையான மூட்டுவலியுமாகப் பலர் விழுந்தார்கள். சிக்குன்குன்யா மலேசியாவில் பரவியதாக முதலில் பதிவானது அங்கேதான். 51 பேருக்கு உறுதியானது. அந்தக் கிருமி போன பிறகும் சிலருக்கு வீக்கம் மாதக்கணக்கில் நிற்கும். பார்வைக்கு முடக்குவாதம் போலவே இருக்கும். அதனால்தான் புதிதாக மூட்டு வீங்கியவரிடம் நல்ல மருத்துவர் அண்மையில் காய்ச்சல் வந்ததா என்று கேட்கிறார்.

மருந்தின் கதையும் கிள்ளான் வழியாகவே சுற்றி வருகிறது. 1901இல் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் கிள்ளானுக்கு வந்தபோது ஊரே மலேரியாவில் கிடந்தது. அதே ஆண்டு திறந்த போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் கூலிகள் கொத்துக்கொத்தாக விழுந்தார்கள். சதுப்பு நிலத்தை வடித்துக் கொசுவை அவர் அடக்கினார். அந்த நாள்களில் மலேரியாவையும் பெரிபெரியையும் ஆராய 1900இல் கோலாலம்பூரில் தோன்றிய நிலையம்தான் பின்னாளில் மைஈரா ஆய்வை நடத்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். மலேரியாவுக்கான மருந்துகளில் ஒன்று, லூபஸ் உள்ளவர்களின் தோலையும் மூட்டையும் தணிக்கிறது என்பதை 1951இல் மருத்துவர் பிரான்சிஸ் பேஜ் எழுதினார். அந்த வழியில் வந்த ஹைட்ராக்சிகுளோரோகுயின் இன்றும் லூபஸுக்கு அடிப்படை மருந்து, முடக்குவாதத்துக்குத் துணை மருந்து. நம் தாத்தாக்கள் காய்ச்சலுக்கு விழுங்கிய கசப்பின் பங்காளி, பேத்திகளின் கைக்கு உதவுகிறது. ஆண்டுகள் செல்லச் செல்லக் கண் விழித்திரையைச் சோதிக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

முடக்குவாதத்துக்கு முதலில் தரப்படும் மருந்து மெத்தோட்ரெக்சேட். பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவில் லெடர்லி ஆய்வகத்தில் ஃபோலிக் அமிலத்தையும் அதற்கு எதிராக வேலை செய்யும் மருந்துகளையும் உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கினார். குழந்தைகளின் ரத்தப் புற்றுக்காகப் பிறந்த அந்த மருந்துக் குடும்பத்தை 1951இல் மூட்டழற்சிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆனால் அமெரிக்க அரசு முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட்டை அனுமதித்தது 1988இல்தான். இதை வாரம் ஒருமுறைதான் விழுங்க வேண்டும். தினமும் போட்டுக்கொண்டால் எலும்பு மஜ்ஜையைச் சிதைத்து உயிரையே எடுக்கும். ‘வாரம் ஒருமுறை’ என்பதைப் பெட்டிமேல் தமிழில், பெரிய எழுத்தில், கிழமையோடு எழுதிக் கொடுக்காத எந்த மருந்தகமும் தமிழ்ப் பாட்டிக்கு இதைக் கொடுக்கக் கூடாது என்பேன். ஃபோலிக் அமில மாத்திரையும் குறித்த காலத்தில் ரத்தச் சோதனையும் கூடவே வேண்டும், மது கூடாது. கருத்தரிக்கத் திட்டமிட்டால் மருத்துவரிடம் சொல்லிச் சில மாதம் முன்பே நிறுத்த வேண்டும். கர்ப்பத்தில் தரக்கூடிய வேறு மருந்துகள் இருக்கின்றன. மகளின் கல்யாணம் கெட்டுவிடும் என்று நோயை மறைக்கும் வீடுகளில் இந்த ஒரு செய்தி சொல்லப்படாமலே போகிறது. பெற்றவருக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் ஆபத்து சுமார் மூன்று மடங்கு ஆகும் என்பது உண்மை. ஆனால் அந்த மூன்று மடங்கும் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான்.

இந்த மருந்துகள் பலிக்காதவர்களுக்கு உயிரியல் ஊசிகள் உண்டு. விலை அதிகம், அரசு மருத்துவமனையில் எல்லோருக்கும் உடனே கிடைப்பதில்லை, போடுமுன் நெஞ்சில் பழைய காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

சரியான மருந்து முதல் மூன்று மாதத்தில், தவறினால் ஆறு மாதத்துக்குள் தொடங்கினால், எலும்பு அரிப்பதற்கு முன் நோயை அடக்க வாய்ப்பு மிகுதி. அரித்த எலும்பு திரும்ப வளராது. நுரையீரலில் தழும்பு விழுவதும் மாரடைப்பு ஆபத்து ஏறுவதும் அடங்காத நோயின் பின்விளைவுகள். கிளினிக் வரிசையில் இழக்கும் ஒவ்வொரு மாதமும் இந்தக் கணக்கில் சேர்கிறது.

நோய் இன்னதென்று தெரியுமுன் சின்னம்மா இழந்த கடைசி நான்கு மாதங்களைத் தின்றது வலி மாத்திரையைவிட மோசமான ஒன்று. இரவுச் சந்தையில் வாங்கிய மூலிகைக் கேப்சூல். இரண்டே நாளில் வீக்கம் வற்றியது, விரல் மடங்கியது, நாங்கள் எல்லோரும் கைகூப்பினோம். மூன்றாம் மாதம் முகம் நிலாபோல் உருண்டது, சர்க்கரை ஏறியது. விட்டதும் நோய் இரட்டிப்பாகத் திரும்பியது. இப்படிப்பட்ட பதிவில்லாத மூட்டுவலி மருந்துகளில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதாக மலேசிய சுகாதார அமைச்சு திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. ஸ்டீராய்டு கெட்ட மருந்து அல்ல. 1948இல் பிலிப் ஹென்ச் அதை முதலில் கொடுத்தபோது படுத்திருந்தவர் எழுந்து நடந்தார். 1950இல் நோபல் பரிசு கிடைத்தது. அளவு தெரியாமல், பெயர் தெரியாமல், மாதக்கணக்கில் விழுங்குவதுதான் கேடு. திடீரென நிறுத்தினால் மயங்கி விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பதிவான மருந்தின் பெட்டியில் ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கும் எண் இருக்கும். அதைத் தேடிப் பாருங்கள். இல்லாத மருந்தை ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால், தானாக நிறுத்தாமல் பாக்கெட்டோடு மருத்துவரிடம் போங்கள். முடக்கத்தான் ரசத்தின் மேல் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை; அது உணவு, வைத்துக் குடியுங்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு அதைக் குடிக்கச் சொல்பவரோடுதான் சண்டை.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவருக்கு மருத்துவம் எட்டாத தூரத்தில் இல்லை. செலாயாங், புத்ராஜெயா மருத்துவமனைகளிலும், மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும், செராசில் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் மூட்டழற்சி நிபுணர்கள் இருக்கிறார்கள். அரசு நிபுணர் கிளினிக்கில் குடிமக்கள் கட்டுவது ஐந்து வெள்ளி. உள்ளே போகத் தேவை சுகாதார கிளினிக் தரும் ஒரு கடிதம். அந்தக் கடிதத்தை வாங்கித் தருவது நோயாளி சொல்லும் வாக்கியம்தான். “மூட்டு வலிக்குது” என்று சொன்னால் மாத்திரை வரும். “ஆறு வாரமா ரெண்டு கையும் வீங்குது, காலையில ஒரு மணி நேரம் விரல் மடங்கல” என்று சொன்னால் டாக்டர் நிமிர்ந்து பார்ப்பார். மலாயில் சொல்லத் தெரியாதவர் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு போகலாம். காலையில் வீங்கிய கையைக் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு போகலாம், ஏனென்றால் மதியம் முறை வருவதற்குள் வீக்கம் பாதி வற்றியிருக்கும்.

சின்னம்மாவுக்கு இப்போது 48. ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆறு மஞ்சள் மாத்திரைகளை எண்ணி விழுங்கிவிட்டு, சமையலறைக் காலண்டரில் அந்தத் தேதிமேல் குங்குமத்தால் ஒரு பொட்டு வைக்கிறார். வலது கையில் கடைசி இரண்டு விரல்கள் சாய்ந்தது சாய்ந்ததுதான். ரவிக்கைக் கொக்கியை அவரே மாட்டிக்கொள்கிறார். காலையில் வெந்நீர் இன்னும் வைக்கிறார். கால் மணி நேரம் போதுகிறது.